செஞ்சிக் கோட்டை அடிவாரத்தில் ஆண்டுதோறும் 'வாழும் வரலாறு' நிகழ்ச்சி நடத்த இடமும் அனுமதியும் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்
மற்றும் இணைப்பில் கையொப்பமிட்டுள்ளோர்,
செஞ்சி வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: செஞ்சிக் கோட்டைக்கு வெளியே உள்ள அரசு நிலத்தில், தை மாதக் கடைசி சனி, ஞாயிறு இரு நாளும், கோட்டை மக்களின் அன்றாட வாழ்வை நடித்தும் செய்தும் காட்டும் நிகழ்ச்சி நடத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். செஞ்சி வட்டத்து அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன் நான். என்னோடு கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் இந்த வட்டாரத்தில் தெருக்கூத்து ஆடுகிறவர்கள், கொல்லுப்பட்டறைக்காரர் ஒருவர், சட்டிப்பானை வனைகிற குடும்பங்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், பணியில் இருக்கும் சில ஆசிரியர்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, குடிநீர் என்று வரும் மனுக்களுக்கு நடுவே இப்படி ஒரு மனுவா என்று தங்களுக்குத் தோன்றலாம். தெரிந்தேதான் திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுக்கிறோம்.

2025 ஜூலை 11 அன்று, பாரிஸில் நடந்த உலக மரபுக் குழுக் கூட்டத்தில், மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டு உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம்முடையது. அறிவிப்பு வந்த வாரம் ஊரில் இனிப்புக் கொடுத்தோம். ஆனால் கோட்டைக்கு வருகிறவர்களின் கதை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் வண்டியை நிறுத்துகிறார்கள், கல்யாண மகாலுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள், தெம்பிருந்தால் ராஜகிரி மலை ஏறுகிறார்கள், இறங்கி வந்து இளநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கல் பேசாது, பேசவைக்க ஆள் வேண்டும்.

ஒரு ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நெற்களஞ்சியத்துக்கு அழைத்துப் போனேன். வளைவுக் கூரையின் கீழ் நின்று கூவிக் கூவி எதிரொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் மட்டும் கேட்டான்: "சார், இம்மாம் நெல்லையும் யாரு அளந்து கொட்டியிருப்பா?" கட்டியது எந்தக் காலம், யார் ஆட்சி என்றெல்லாம் சொல்லத் தெரிந்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அடுத்த வாரம் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய மரக்காலையும் ஒரு மூட்டை நெல்லையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு பாட்டி வந்து அளந்து காட்டினார். முதல் மரக்காலுக்கு "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று தொடங்கியதும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர்களே அளந்தார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைப்படி அரிசி, அதற்கு ஒரு படி நெல் என்று வைத்துக்கொண்டு, ஆயிரம் பேர் ஒரு நாள் சாப்பிட எவ்வளவு வேண்டும் என்று தரையில் கணக்குப் போட்டார்கள். 125 மரக்கால், அதாவது பத்துக் கலமும் ஐந்து மரக்காலும். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,800 கலம்.

அதற்குப் பிறகுதான் முற்றுகைப் பாடத்தை எடுத்தேன். 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கானின் முகலாயப் படை வெளியே கிடந்தது, உள்ளே மராட்டிய மன்னர் சத்ரபதி ராஜாராம் இருந்தார் என்று சொன்னதும், "அப்ப நெல்லு எப்படி சார் பத்துச்சு?" என்று வகுப்பே கேட்டது. அத்தனை ஆண்டுகளில் அந்தப் பாடத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை. எட்டு ஆண்டு இழுத்த அதே கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்றபோது, அது ஏன் என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடந்தது.

நாங்கள் கேட்கும் நிகழ்ச்சியும் இதுதான், கொஞ்சம் பெரிதாக. வெளிநாடுகளில் இது புதிதல்ல. சுவீடனில் 1891இல் திறந்த ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளுக்குள் அந்தக் காலத்து உடையில் ஆட்கள் இருந்து வேலை செய்துகாட்டுவார்கள். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை நடித்துக்காட்டுவதற்கென்றே 1968இல் தொடங்கிய அமைப்பு இன்றும் இயங்குகிறது. அங்கே ஊரை ஒட்டி உள்ளாட்சிகள் நடத்தும் பெரிய பூங்காக்களில் கூடாரம் அடித்து, பழைய முறையில் சமைத்து, இரும்பு அடித்து, பிள்ளைகளின் கையிலும் சுத்தியலைக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலேயே ராய்கட் கோட்டையில் ஒவ்வொரு ஜூன் 6ஆம் தேதியும் சிவாஜியின் முடிசூட்டு நாளைக் கொண்டாடுகிறார்கள். அதே சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை செஞ்சி. இங்கே அப்படி எதுவும் இல்லை. (ராய்கட் போல முடிசூட்டு விழா வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கு அடுப்படிதான் வேண்டும்.)

கோட்டைக்கு வெளியே, திறந்த வெளியில், ஓலைப் பந்தல்கள். ஒன்றில் நெல் அளப்பு. ஒன்றில் உரலும் உலக்கையுமாக நெல் குத்துதல். ஒன்றில் கேழ்வரகு திரிக்கும் எந்திரக்கல். ஒன்றில் துருத்தி ஊதி லாடம் அடித்தல். குளத்துத் தண்ணீரைச் சுடுமண் குழாய் வழியாகக் கல்யாண மகாலுக்குக் கொண்டுபோன முறையை, நம் குயவர்கள் வனைந்த குழாய்களைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றிக் காட்டலாம். பிள்ளைகள் சேற்றில் கையை வைக்கட்டும். ராஜகிரி உச்சிக்கு முன்னால் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட பிளவு இருக்கிறதல்லவா, அதன்மேல் இருந்த மரப்பாலத்தின் மாதிரி ஒன்றை எங்கள் தச்சர் செய்து தருகிறேன் என்கிறார். பத்துப் பையன்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்க்கலாம்.

இதையெல்லாம் யார் விளக்குவது என்று யோசித்தபோது எங்களுக்கு விடை பக்கத்திலேயே இருந்தது. கூத்தில் கட்டியங்காரன் என்று ஒருவர் உண்டு. அவர் துரியோதனனிடமும் பேசுவார், முன்வரிசையில் தூங்கிவழியும் ஊர்ப் பெரியவரிடமும் பேசுவார். அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் நடுவே நடையாய் நடப்பது அவர் தொழில். அவரே பிள்ளைகளைப் பந்தல் பந்தலாகக் கூட்டிப்போய், கொல்லரிடம் "ஏம்ப்பா, ராசா கூலி கொடுத்தாரா, கும்பிடு கொடுத்தாரா?" என்று கேட்கட்டும். எந்த வழிகாட்டியும் இதை இவ்வளவு நன்றாகச் செய்துவிட முடியாது.

சனிக்கிழமை இரவு தேசிங்குராஜன் கூத்து. 1714 அக்டோபர் 3 அன்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை எதிர்த்துச் சிறு படையோடு போய்ப் போரில் விழுந்த செஞ்சியின் இளம் ராஜா அவன். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவன் கதை தெரியாத பாட்டி கிடையாது. விடியும் நேரத்தில், இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையுமாக அவன் கடைசி முறையாக வெளியே வரும்போது மத்தளம் ஒரு மாதிரி மாறும். அதைக் கேட்டு விசும்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கதையில் அவனுடைய உயிர்த்தோழன் மகமத்கான் கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு வந்து உயிரை விடுகிறான். இந்து ராஜாவும் முஸ்லிம் தோழனும் ஒரே களத்தில் விழுந்த கதையைத்தான் இந்த ஊர் முந்நூறு ஆண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

குதிரை எப்படி என்று கேட்பீர்கள். உயிருள்ள குதிரை கொண்டுவந்தால் விலங்கு நல விதிகள், கால்நடை மருத்துவர், கூட்டத்தில் மிரண்டால் யார் பொறுப்பு என்று நூறு சிக்கல். முதல் ஆண்டு பொய்க்கால் குதிரை போதும். தேசிங்கின் குதிரை பாராசாரி கோபித்துக்கொள்ளாது. யானை அறவே வேண்டாம். வெடிமருந்து ஒரு சிட்டிகையும் கிடையாது; பீரங்கியை இழுப்பதும் குண்டை உருட்டித் திணிப்பதும் மட்டுமே, அதுவும் மரத்தில் செய்த மாதிரியில்.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. மரபுச் சின்னப் பட்டியலில் மராட்டியர் பெயர் வந்ததில் இங்கே சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. கோனார்கள் தொடங்கிய கோட்டை, நாயக்கர்கள் பெருக்கிக் கட்டியது, பீஜப்பூரார், மராட்டியர், முகலாயர், நவாப், பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது. எவர் கொடியை முதலில் ஏற்றினாலும் சண்டை வரும். ஆகவே கொடியே வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்துவிட்டோம். எந்தச் சாதிச் சங்கத்தின் பெயரும் எந்தக் கட்சியின் தட்டியும் பந்தலுக்குள் வராது. மேடையும் வேண்டாம். முன்பு ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது. வேடம் கட்டிய கலைஞர்கள் வெயிலில் அரிதாரம் வழிய நின்றார்கள். தாங்கள் வந்தால் மிகவும் மகிழ்வோம். ஆனால் தங்களையும் ஒரு மரக்கால் நெல் அளக்கத்தான் சொல்வோம்.

சட்டம் தெரியாமல் கேட்கவில்லை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. உள்ளே கூட்டமோ கேளிக்கையோ நடத்த மத்திய அரசின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. மதிலில் ஒரு ஆணி அடித்தாலும் தவறு. அதனால்தான் சின்னத்தின் எல்லையிலிருந்து 300 மீட்டருக்கு அப்பால் இடம் கேட்கிறோம். தடைசெய்யப்பட்ட 100 மீட்டரும் அதற்கு அடுத்த 200 மீட்டரும் அதில் கழிந்துவிடும். எந்தப் புறம்போக்கு என்பதை வட்டாட்சியர் அளந்து சொன்னால் போதும். இரு நாளுக்கு மட்டுமே பந்தல்; சிமெண்டு, தகரம் எதுவும் கிடையாது. திங்கட்கிழமை காலை அந்த இடத்தில் மாடு மேயலாம்.

தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருக்கிறது. தேசிங்கு விழுந்த அக்டோபரில் மழை. தை என்றால் அறுவடை முடிந்து புதுநெல் கையில் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. இன்னொன்று, பங்குனி, சித்திரையில் மேலச்சேரி தொடங்கி ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்து ஆரம்பித்துவிடும். அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் கலைஞர்களுக்கு ஆட்டம் குறைவு; பலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். இரண்டு நாள் கூலி அவர்களுக்குப் பெரிய விஷயம்.

எனவே ஐயா, தாங்கள் தயவுசெய்து வருவாய்த் துறை மூலம் இடத்தை ஒதுக்கித் தரவும், தொல்லியல் துறையிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் பெற உதவவும், காவல் துறை, தீயணைப்புத் துறை அனுமதிகளை ஒரே விண்ணப்பத்தில் முடித்துத் தரவும் வேண்டுகிறோம். குடிநீர் லாரி இரண்டு, பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியே தற்காலிகக் கழிப்பறை, ஒரு 108 ஆம்புலன்ஸ் நிற்க ஏற்பாடு, இவை அவசியம். மேல்மலையனூர் அமாவாசைக்கு வரும் கூட்டத்தைச் சமாளிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. எங்கள் கூட்டமும் சிறியது. சனிக்கிழமை பகலில் முன்பதிவு செய்த 300 மாணவர்கள் மட்டும், ஞாயிறு பொதுமக்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அரசுப் பேருந்து தந்தால், கட்டணம் கொடுக்க முடியாத பள்ளிகளும் வரும்.

கலைஞர்களின் ஊதியத்தை மட்டும் கலை பண்பாட்டுத் துறை வழியாகவோ மாவட்டக் கலை மன்றம் வழியாகவோ, நேரடியாக அவரவர் வங்கிக் கணக்கில் செலுத்தக் கேட்கிறோம். இடையில் யார் கைக்கும் பணம் வர வேண்டாம், எங்கள் கைக்கும்கூட. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தவர், செய்யாதவர் பட்டியலைத் தனியே இணைத்துள்ளோம், செய்யாதவர்கள்தான் அதிகம். அன்று ஒரு பந்தலில் பதிவு முகாமும் நடத்தினால் இரட்டை உதவியாக இருக்கும். நெல், விறகு, ஓலை, மரக்கால், உரல், ஆள் உழைப்பு எல்லாம் ஊர்ப் பொறுப்பு.

இம்மனுவைப் பரிசீலித்து, நேரில் விளக்க ஒரு நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். வரும்போது அந்த மரக்காலையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்
மற்றும் கையொப்பமிட்டோர்

இடம்: செஞ்சி

இணைப்பு: கையொப்பத் தாள்கள், பந்தல் அமைப்பின் கைவரைபடம், கலைஞர்கள் பட்டியல்.

நகல்: இந்தியத் தொல்லியல் துறை, கலை பண்பாட்டுத் துறை, முதன்மைக் கல்வி அலுவலர், விழுப்புரம், வட்டாட்சியர், செஞ்சி.