பதினேழாம் வாய்ப்பாடு

கல்லடி,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதப் பஞ்சிப்பட்டு இருக்கவில்லை. வயிற்றில் நாலு ஓட்டை. பித்தப்பையில் கல் என்று பையையே எடுத்துவிட்டார்கள். முதலே சொல்லியிருந்தால் திருக்கோவிலிலிருந்து பஸ் ஏறி வந்து, என்னைவிட நீ அதிகம் பயந்திருப்பாய். அதுதான் சொல்லவில்லை. கோபிக்காதே.

இரண்டு வருஷமாகக் குடலிறக்கத்தைப் பட்டி போட்டு இறுக்கிக்கொண்டு திரிகிறாயாம். உன் மனுசி என் மனுசியிடம் சொல்லி அழுதாவாம். கத்திக்குப் பயமில்லை, மயக்கத்துக்குத்தான் பயம் என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதேதான். விளக்கை நூர்ப்பதுபோல யாரோ வந்து நம்மை நூர்த்துவிடுவது. பிறகு கொளுத்துவார்களா என்பது அவர்கள் கையில்.

சூறாவளிக்கு அடுத்த வருஷம், 1979இல், எனக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டியபோது நீதான் துணைக்கு நின்றாய். வாட்டிலேயே பின்பக்கத்தில் ஓர் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. எச்சிலை வற்ற வைக்கும் அத்ரோபீன் அது என்று இப்போதுதான் தெரிந்தது. ஈதர் கொடுத்த காலத்தில் நோயாளிக்கு எச்சில் பெருகி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று தொடங்கிய வழக்கம். இன்று எல்லோருக்கும் போடுவதில்லை. நான் தண்ணீருக்குத் தவிக்க, நீ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று செவ்விளநீர் குடித்தாய். நான் மறக்கவில்லை.

இந்த முறை முதல்நாள் பின்னேரமே மயக்க மருந்து டொக்டர் வாட்டுக்கு வந்தார். நம் கடைசிப் பிள்ளைகளைவிட இளையவர். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஆடும் பல் உண்டா, ஒவ்வாத மருந்து உண்டா, இரவில் என்ன குளிசை போடுகிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, “குறட்டை விடுவீங்களா ஐயா?” என்றார். இல்லை என்றேன். “பக்கத்து வீட்டு நாய் எழும்பும் டொக்டர்” என்றாள் மனுசி. அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். பலமாகக் குறட்டை விடுகிறவர்களில் சிலருக்கு நித்திரையில் இடையிடையே மூச்சு நின்று நின்று வருமாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்தை, கவனிக்க ஆளில்லாத வாட்டில் கொடுக்கக் கூடாது. தியேட்டருக்குள் விரலில் கிளிப்பை மாட்டி, ஒக்சிசன் அளவைப் பார்த்துக்கொண்டு கொஞ்சமாகத் தருகிறேன் என்றார். சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் இரண்டு மணித்தியாலம் முன்வரை குடிக்கலாம். பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். இதை மனுசி மூன்று தரம் கேட்டாள்.

பிறகு நாளை என்னென்ன நடக்கும் என்று வரிசையாகச் சொன்னார். எங்கே குளிரும், எப்போது ஊசி, கண் விழிக்கும்போது தொண்டை ஏன் நோகும், எல்லாம். ஐந்து நிமிஷம்தான் இருக்கும். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். அமெரிக்காவில் 1963இல் ஓர் ஆய்வு வந்ததாம், மூத்தவள் வாசித்துச் சொன்னாள். தூக்க மருந்து மட்டும் வாங்கியவர்களுக்கு அசதி வந்ததே தவிர பயம் போகவில்லை. மயக்க மருந்து டொக்டர் வந்து பேசிவிட்டுப் போனவர்கள்தான் அமைதியாக இருந்தார்கள். எனக்கு அதை யாரும் ஆய்வு செய்து சொல்லத் தேவையில்லை.

தியேட்டர் வாசலில் எனக்கு முன்னால் ஒரு சின்னப் பையன், நாலு வயது இருக்கும், தாயின் கழுத்தை விடாமல் அழுதுகொண்டிருந்தான். சின்னக் கோப்பையில் எதையோ இனிப்பாக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். அரை மணித்தியாலம் ஆகவில்லை, தாயின் தோளில் சாய்ந்துகொண்டு மேலே இருந்த லைட்டைப் பார்த்துச் சிரித்தான். நர்ஸ் மிஸ்ஸி கையை நீட்டியதும் அவளோடு போய்விட்டான். தாய்தான் அழுதுகொண்டு நின்றாள்.

அதே மருந்துதான் எனக்கும். மிடசோலம், டொக்டர் சொன்ன அந்தப் பதற்றம் தணிக்கும் மருந்து. இரண்டு மில்லிகிராம், புறங்கையில் குத்திய குழாய் வழியாக. கையெழுத்து எல்லாம் அதற்கு முதலே வாங்கிவிட்டார்கள். அது ஏறிய பிறகு போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. “கொஞ்சம் தலை லேசாகும்” என்ற குரல் ஞாபகம். வட்டமான பெரிய லைட் ஞாபகம். அதோடு சரி.

மறுநாள் ஒரு மிஸ்ஸி வாட்டுக்குச் சிரித்துக்கொண்டு வந்தாள். “சேர், மிச்ச வாய்ப்பாட்டையும் சொல்லவா?” எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் எட்டாம் வகுப்பில் கணக்குப் படித்த பிள்ளையாம். தியேட்டருக்குள் அவளை அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தகப்பனைப் பற்றி விசாரித்து, பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது வரை அவள் வந்தபோது நான் போய்விட்டேனாம். டொக்டரும் கேட்டுக்கொண்டு நின்றாராம்.

ஒரு சொல்கூட என்னிடம் இல்லை, மச்சான். அந்த மருந்தின் குணம் அது. ஆள் விழித்திருப்பார், பேசுவார், ஆனால் ஒன்றும் பதியாது. ஈரப் பலகையில் சோக்குக்கட்டியால் எழுதுவதுபோல. நல்லதுதான் என்கிறார்கள், பயமும் பதியாது. இருந்தாலும் முப்பது வருஷம் கழித்துக் கண்ட பிள்ளையிடம் பேசிய பேச்சு அவளிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை என்பது இன்னும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

எல்லோருக்கும் இது கொடுப்பதில்லை. பக்கத்துக் கட்டில் அப்புவுக்கு எண்பது தாண்டிவிட்டது; அந்த வயதில் ஆளைக் குழப்பிவிடும் என்று அவருக்குக் கொடுக்கவில்லை. ஒரு மிஸ்ஸி கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தபடியே போனாள். மனுசன் என்னைவிடத் தெளிவாகத் திரும்பி வந்தார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். குடலிறக்கத்துக்கு முழு மயக்கம் கட்டாயமில்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்க வைத்தும் செய்வார்கள்; உனக்கு எது சரி என்பதை டொக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் இரவில் நீ போடும் “கொஞ்சம்” பற்றிக் கேட்டால், கொஞ்சம் என்று சொல்லாதே. அளவைச் சொல். குடிக்கிறவருக்கு மருந்தின் கணக்கு மாறும். இந்த மருந்து ஏறினால் குறைந்தது அடுத்தநாள் வரை மோட்டார் சைக்கிளையும் தொடாதே, மகனை ஓடச் சொல்.

கிளினிக்குக்குப் போய்த் திகதி எடுத்ததும் எழுது. துணைக்கு நான் வருகிறேன். செவ்விளநீர் இரண்டு வாங்கிக்கொண்டுதான் வருவேன், இரண்டும் எனக்கு.

உன் கூட்டாளி