இரண்டு டைல் தள்ளி ஒரு நாற்காலி

அன்புள்ள எல்லோருக்கும்,

இதய பைபாஸ் அறுவைக்காகப் பிளந்த அப்பாவின் நெஞ்செலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது என்று நேற்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனி கையை ஊன்றி எழலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், பொருள்களைத் தூக்கலாம். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு நேற்று இரவுதான் இந்த வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கினோம். தூங்கி எழுந்த கையோடு இதை எழுதுகிறேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன். ஆறப்போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

என்ன நடந்தது என்பதும் தெரியும். அந்த இரவையும் அடுத்த நான்கு நாட்களையும் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், கொடுக்க வந்து வரிசையில் நின்று "போதும், போங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் நன்றி. இரவில் எனக்குப் பதிலாக வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்தவர்கள், என் வேலையைச் சத்தமில்லாமல் தங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்ட அலுவலக நண்பர்கள், எதையும் கேட்காமல் "ஆச்சா?" என்று மட்டும் தினமும் ஒரு செய்தி அனுப்பியவர்கள், அறுவை மருத்துவர், இரவுப் பணி செவிலியர்கள், அப்பாவின் முணுமுணுப்பை எல்லாம் தாங்கிய இயன்முறை மருத்துவர்: உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவேன். இன்றைக்கு இப்படி ஒரே மூட்டையாகக் கட்டியதற்கு மன்னியுங்கள். ஏனென்றால் இந்த மடலின் மிச்ச இடம் முழுக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கும், அதை நகர்த்திப் போட்ட ஓர் அக்காவுக்கும் வேண்டியிருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வார்டுக்கு வந்த முதல் இரண்டு நாள் அப்பா நடக்க மறுத்துவிட்டார். மற்றதெல்லாம் செய்தார். மூன்று பந்து வைத்த அந்தக் கருவியில் மூச்சை இழுத்துப் பந்துகளைத் தூக்கினார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமினார். கையை ஊன்றாமல் எழுந்து நிற்கவும் கற்றுக்கொண்டார். நடக்கச் சொன்னால் மட்டும் கட்டிலிலிருந்து நாலு அடி வைத்து, கதவு வரை வந்து, வெளியே நீண்டு கிடக்கும் வராண்டாவைப் பார்ப்பார். திரும்பிவிடுவார்.

வலி என்று நினைத்தோம். பயம் என்று நினைத்தோம். அடம் என்று நான் கொஞ்சம் கோபப்பட்டும் விட்டேன். அது எதுவுமில்லை என்று கண்டுபிடித்தது வார்டைக் கூட்டித் துடைக்கும் அக்கா. (பெயரைப் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.)

மூன்றாம் நாள் காலை. அக்கா வராண்டாவைத் துடைத்து முடித்து, காயும் வரை சுவரோரம் நின்றிருந்தார். அப்பா வழக்கம்போலக் கதவு வரை வந்து, பார்த்து, திரும்பினார். நான் அவரைக் கட்டிலில் உட்காரவைக்க எழுந்த நேரத்தில் அக்கா உள்ளே வந்தார். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினார். வெளியே கொண்டுபோய், கதவிலிருந்து எண்ணி ஐந்தாவது டைலில் போட்டார்.

"ஐயா, அதோ அது வரைக்கும் வாங்க. வந்தா உக்காந்துக்கலாம்."

அவ்வளவுதான். வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஒரு டைல் இரண்டடி. ஐந்து டைல் என்றால் பத்தடி. அப்பா நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நடந்தார். உட்கார்ந்தார். இரண்டு நிமிடம் மூச்சு வாங்கினார். எழுந்து திரும்பி வந்தார். நடுவழியில் முடியாமல் போனால் எங்கே உட்காருவது என்ற ஒரே கேள்விதான் அவரை இரண்டு நாளாகக் கதவோடு நிறுத்தி வைத்திருந்தது. அதை எங்களிடம் சொல்ல அவருக்கு வெட்கம். கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் நாற்காலி ஏழாவது டைலில் இருந்தது. அதற்கடுத்த நாள் ஒன்பதாவதில். தினமும் சரியாக இரண்டு டைல். ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் போடுவார், அதற்கு முன்னால் இல்லை.

அப்பா முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். மூன்றாம் நாளே அந்த வராண்டாவை ஒரு ரூட்டாக்கிவிட்டார். போய் வருவது ஒரு டிரிப். நாற்காலி டெர்மினஸ். இயன்முறை மருத்துவர் ஒரு கணக்குச் சொல்லியிருந்தார்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள் என்று. அப்பா பேச்சுக்கு எங்கே போவார்? தன் பழைய ரூட்டின் ஸ்டாப்பிங் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு டைலுக்கு ஒரு ஸ்டாப்பிங். இடையில் ஒரு பெயர் மறந்துபோனால் அந்த டைலிலேயே நின்றுவிடுவார். ஞாபகம் வந்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

நான் எங்கே போனேன் என்று கேட்பீர்கள். அங்கேதான் இருக்கிறது விஷயம். அந்த அறையில் துணைக்கு இருப்பவருக்கென்று இருந்தது அந்த ஒரு நாற்காலிதான். அது வராண்டாவில் இருக்கும்போது எனக்கு உட்கார இடமில்லை. நின்றுகொண்டிருந்த என்னை அப்பா பார்த்தார். "பாப்பா, நீயும் வா. கண்டக்டர் இல்லாம வண்டியை எடுக்கக் கூடாது" என்றார். நாற்பத்தாறு வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான். போனேன். கதவருகே நின்று "போலாம் ரைட்" என்று நான் சொன்னால்தான் முதல் அடி வைப்பார்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த இயன்முறை மருத்துவர் ஒருநாள் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். கதையல்ல, ஆராய்ச்சி. ஜெர்ரி மாரிஸ் என்று ஒரு மருத்துவர். லண்டன் மாடிப் பேருந்துகளில் வேலை பார்த்த டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953இல் முடிவை வெளியிட்டார். ஒரே வண்டி, ஒரே சாலை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், கண்டக்டர் மாடிக்கும் கீழுக்கும் படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். இதய நோய் கண்டக்டர்களுக்குக் குறைவாக இருந்தது. பிற்பாடு அவர்களுடைய சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்ததில் டிரைவர்களின் கால்சட்டைகளுக்குத்தான் இடுப்பளவு பெரிதாம்.

அப்பா தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "இதைச் சொன்ன மனுஷன் எவ்வளவு வயசு வரைக்கும் இருந்தார்?"

இயன்முறை மருத்துவருக்குத் தெரியவில்லை. நான் கைபேசியில் தேடினேன். மாரிஸ் பிறந்தது 1910, இறந்தது 2009. தொண்ணூற்றொன்பது வயது.

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, இன்னொரு டிரிப் அடிச்சுட்டு வந்துடலாம்" என்றார்.

ஒரு டாக்டர் தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்ததால் எதுவும் நிரூபணமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். ஆனால் அன்று மாலை அவர் மூன்று டிரிப் அடித்தார்.

என் கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நான் ஏன் ஒரு நாற்காலிக்கு இவ்வளவு உருகுகிறேன் என்று உங்களுக்குப் புரியாது. உடற்பயிற்சி பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை நானே பலருக்கு அனுப்பியிருக்கிறேன், உட்கார்ந்துகொண்டு. வீட்டில் டிரெட்மில் இருக்கிறது, துணி காய்கிறது. கைக்கடிகாரம் தினமும் 10,000 அடி என்று நச்சரிக்கும். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு 'பத்தாயிரம் அடி மானி' என்று பெயர் வைத்ததிலிருந்து புழக்கத்துக்கு வந்த எண் அது என்று தெரிந்துகொண்ட நாளில், நடக்காமலிருக்க நல்ல சாக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவள் நான்.

அப்பா ஒன்பதாவது டைலைத் தொட்ட நாள் இரவு. அவர் தூங்கிவிட்டார். வராண்டாவில் யாருமில்லை. அவர் எழுவதுபோல எழுந்து பார்ப்போமே என்று ஒரு விளையாட்டு. கைகளை நெஞ்சின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னால் இழுத்து, முன்னால் சாய்ந்து எழ வேண்டும். எழுந்தேன். அதாவது, எழ முயன்றேன். பொத்தென்று திரும்ப உட்கார்ந்தேன். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை ஒரு உந்து உந்தித்தான் நிற்க முடிந்தது, தொடை நடுங்கியது.

நெஞ்சைத் திறந்து மூடிய, காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து இதயத்தில் வைத்துத் தைத்த, எழுபத்திரண்டு வயது மனிதர் அதை ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை செய்துகொண்டிருந்தார். வீங்கிய காலோடு. அதுவும் முகத்தைச் சுளிக்காமல், ஏனென்றால் சுளித்தால் நான் பயப்படுவேன் என்று.

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுததைவிட முக்கியமானது, நாலாவது முறையும் எழுந்து பார்த்தேன். அதற்கப்புறம் ஐந்தாவது முறை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நாற்காலி பத்தொன்பதாவது டைலில் இருந்தது, வராண்டாவின் கடைசி சன்னலுக்குக் கீழே. சாமான்களை எடுத்துவைக்க ஒரு அட்டைப்பெட்டி கேட்டேன். அக்கா பக்கத்திலிருந்த சாமான் அறையைத் திறந்தார். உள்ளே சுவரோடு சுவராக, ஒன்றின்மேல் ஒன்றாக, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"அக்கா, இத்தனை நாற்காலி இருக்கே. அப்புறம் ஏன் தினமும் என்னோடதை எடுத்துட்டுப் போனீங்க?"

அவர் பெட்டியைத் தட்டித் தூசி போக்கிக்கொண்டே சொன்னார்: "ஐயாவுக்கு உக்கார இடம் வேணும். உங்களுக்கு எந்திரிக்க ஒரு காரணம் வேணும். ரெண்டுக்கும் ஒரு நாற்காலி போதாதா?"

பாருங்கள், அவருக்கு நான் யாரோ. அந்த வராண்டாவில் எத்தனை அறை, எத்தனை அப்பாக்கள், எத்தனை மகள்கள். ஒரு நாளைக்கு அத்தனை டைலையும் இரண்டு முறை குனிந்து துடைப்பவர். அவர் செய்வதை உடற்பயிற்சி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அது உழைப்பு, மூட்டு வலி தரும் உழைப்பு, அவருக்கு முழங்கால் வலி இருப்பதை நானே பார்த்தேன். நாள் முழுக்க நிற்பவருக்கு, நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து எரிச்சல் வந்திருந்தால் அது நியாயம். அவருக்கு வந்தது எரிச்சல் இல்லை, ஒரு யோசனை.

வீட்டிலும் நாற்காலி தொடர்ந்தது. அப்பா எதையும் தூக்கக் கூடாது என்பதால் நான்தான் முன்னால் போய் நாற்காலியைப் போட்டுவிட்டு வந்து, பிறகு அவரோடு நடந்து, திரும்பும்போது அதையும் எடுத்து வருவேன். அவர் ஒரு டிரிப் அடித்தால் எனக்கு இரண்டு டிரிப். ஆறாவது வாரத்தில் அவருக்கு நாற்காலி தேவைப்படவில்லை. ஆனாலும் டெர்மினஸ் இல்லாமல் ரூட் எப்படி என்று கேட்டுவிட்டார், போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது காலையில் இருவரும் அரை மணி நேரம் நடக்கிறோம். முப்பது விநாடியில் கையை ஊன்றாமல் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்கிறோம். முதியவர்களின் கால் வலுவை அளக்க வைத்திருக்கும் சோதனை அது. போன வாரம் நான் பதினான்கு, அவர் ஒன்பது. தனக்கு வைத்த பரீட்சையில் தன்னைவிட நான் அதிக மதிப்பெண் வாங்குகிறேன் என்று அவருக்கு ஒரு குறை.

இனி வாழ்நாள் முழுக்க ஒரு நாள்கூட விடாமல் நடப்பேன் என்று இங்கே சத்தியம் செய்யப்போவதில்லை. என் சத்தியங்களின் மதிப்பு உங்களுக்குத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அப்பா நடக்கக் கிளம்பும் நாளில் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அக்கா, இதை உங்கள் மகன் உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். உங்களுக்காக ஒன்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன், நேற்றுவரை சொல்வதற்கு அது இல்லை. இன்று காலை நான் எழுந்து வருவதற்குள் அப்பா முற்றத்தில் நின்றிருந்தார். பன்னிரண்டு வாரத்தில் முதல் முறையாக அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டிருந்தார். வழக்கமான இடத்தில் இல்லை, இரண்டு டைல் தள்ளி.

"உங்களுக்குத்தான் நாற்காலியே வேண்டாமேப்பா" என்றேன்.

"எனக்கு யார் போட்டா?" என்றார். "போலாம் ரைட் சொல்லு."