ஃபிரிட்ஜ் கதவில் நீ ஒட்டிய அட்டவணை

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் கதவு முழுக்க ஒரே அட்டவணை. 'அப்லார்', அதாவது 'பேசு' என்ற ஒரு ஸ்பானிஷ் வினைச்சொல்லுக்கு இத்தனை கட்டமா, ஆபீசில்தான் எல்லாம் ஆங்கிலத்திலேயே நடந்துவிடுகிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டிருக்கிறாய். மெக்சிகோவில், குவாதலஹாராவில் உன் வேலைக்கு ஆங்கிலம் போதும்தான். வீட்டுக்காரம்மாவுக்கும் சந்தைக்கும் பக்கத்து வீட்டுக்கும் அது போதாது. போன வாரம் வாடகை போட்டுவிட்டேன் என்று சொல்லப்போய், அந்த அம்மா "யார் போட்டது?" என்று கேட்டதாகச் சொன்னாயே, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நீ சொன்னது 'யா தெபொஸிதோ'. அதற்கு அவன் போட்டான், அவள் போட்டாள், நீங்கள் போட்டீர்கள் என்றெல்லாம் பொருள் வரும். உனக்கு வேண்டியது 'யா தெபொஸிதே'. கடைசி உயிர் ஒன்று மாறியதும் ஆளே மாறிவிட்டது. அந்த அம்மா குழம்பியதில் தப்பே இல்லை.

இந்தக் கடிதம் முழுக்க, அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். ஸ்பானிஷில் நெடில் குறில் வேறுபாடு கிடையாது. ஆனால் நம் காதுக்கு அந்த அழுத்தம் நெடில் மாதிரிதான் விழும், அதனால் இது உனக்கு உதவும். இப்போது இந்த நான்கையும் வாய்விட்டுச் சொல்: ஆப்லொ, அப்லோ, ஆப்லெ, அப்லே. நான் பேசுகிறேன், அவள் பேசினாள், அவள் பேசட்டும், நான் பேசினேன். எழுத்தில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம். பேச்சில் காலம், ஆள், நோக்கம் மூன்றும் இடம் மாறிவிடுகின்றன. அட்டவணையைக் கண்ணால் படிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள். நீ காதால் படி.

அப்புறம், உனக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். பள்ளியில் பகுபத உறுப்புகள் படித்தாயே, பகுதி, இடைநிலை, விகுதி என்று? 'பேசினேன்' என்பதைப் பேசு, இன், ஏன் என்று பிரித்தோம் இல்லையா? 'அப்லாபமொஸ்', பேசிக்கொண்டிருந்தோம், என்பதையும் அப்படியே பிரி. 'அப்ல்' பகுதி. 'ஆ' இது 'ஆர்' என்று முடியும் கூட்டத்து வினை என்று காட்டும் உயிர். 'ப' காலம். 'மொஸ்' நாம். எந்தக் காலத்தில் பார்த்தாலும் 'மொஸ்' வந்தால் நாம்தான், 'ன்' வந்தால் அவர்கள்தான். கடைசியில் 'ஸ்' வந்தால் நீ. ஒரு கடந்தகாலத்தில் மட்டும் அது 'ஸ்தெ' ஆகும்: அப்லாஸ்தெ, பேசினாய். 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லாமலே விகுதி பேசிவிடும் மொழி நம்முடையது, அவர்களுடையதும் அப்படித்தான். வகுப்பில் நான் கவனித்த வரை, தமிழில் யோசிக்கிற பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'யோ, யோ' (நான், நான்) என்று போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

முதலில் அட்டவணையிலிருந்து சிலவற்றை அடித்துவிடு. 'வொஸோத்ரொஸ்' வரிசை முழுவதும் வேண்டாம். 'அப்லாய்ஸ்' என்று ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துச் சொல்வார்கள். மெக்சிகோவில் எத்தனை பேராக இருந்தாலும் 'உஸ்தேதெஸ்' (நீங்கள்), வினை 'ஆப்லன்'. 'அப்லாரெ' என்று ஒரு கட்டம் இருக்கும், அது சட்டப் பத்திரங்களிலும் பழமொழிகளிலும்தான் இன்று உயிரோடு இருக்கிறது. உன் வாடகை ஒப்பந்தத்தில் கண்ணில் பட்டால் புரிந்துகொள், பேசாதே.

பெயர்க் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'அப்லாபமொஸ்' வரும் அந்தக் காலத்தை, உன் பாடப்புத்தகம் ஸ்பெயினில் அச்சானது என்பதால் 'இம்பெர்ஃபேக்தொ' என்கிறது; உன் மெக்சிகோ டீச்சர் அதையே 'கொப்ரெதேரிதொ' என்கிறார். இரண்டும் ஒன்றுதான். இந்த இரண்டாவது வகைப் பெயர்கள் ஆந்த்ரேஸ் பெய்யோ கொடுத்தவை. வெனிசுலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்தவர். அமெரிக்கக் கண்டத்து மக்கள் பயன்படுத்துவதற்கென்றே ஒரு ஸ்பானிஷ் இலக்கணத்தை 1847-ல் வெளியிட்டார். எனக்கு அவர் பெயர்கள்தான் பிடிக்கும், ஏனென்றால் அவை வேலையைச் சொல்கின்றன. 'கொப்ரெதேரிதொ' என்றால் இறந்தகாலத்தோடு கூடவே நடந்தது. 'பொஸ்ப்ரெதேரிதொ' என்றால் இறந்தகாலத்துக்குப் பின் வருவது. 'அவள் பேசுவதாகச் சொன்னாள்' என்பதில் சொன்னது முடிந்துவிட்டது, பேசுவது அதற்குப் பின்னால். அதுதான் 'அப்லரீய'. உன் புத்தகம் இதற்கு நிபந்தனை வடிவம் என்று பெயர் வைத்திருக்கும்.

இரண்டு கடந்தகாலங்களில்தான் நீ கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும். 'அயேர் அப்லே கொன் ல துவேஞ', நேற்று வீட்டுக்காரம்மாவிடம் பேசினேன்: ஒரு காரியம், முடிந்தது. 'அப்லாப கொன் மி ஹேஃபெ குவாந்தொ யமாஸ்தெ', நீ கூப்பிட்டபோது மேலதிகாரியிடம் பேசிக்கொண்டிருந்தேன்: நடந்துகொண்டிருந்த ஒன்றுக்குள் இன்னொன்று வந்து விழுகிறது. இதுவரை சிக்கல் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். 'சின்ன வயசில் தாத்தாவிடம் தினமும் பேசுவேன்' என்கிறோம். பழைய கதை, ஆனால் வினையைப் பார், எதிர்கால வடிவம். அதை அப்படியே எடுத்துக்கொண்டு போய் 'அப்லரே' என்றால் இனிமேல்தான் பேசப்போகிறாய் என்று ஆகிவிடும். பழக்கமாக நடந்தவை எல்லாமே 'அப்லாப'. நம் 'பேசுவேன்' பழக்கத்தைச் சொல்கிறதா, நாளையைச் சொல்கிறதா என்று ஒரு நொடி கேட்டுக்கொண்டு வாயைத் திற. 'ஏர்', 'ஈர்' கூட்டத்து வினைகளுக்கு இந்த 'ப' கிடையாது. 'கொமேர்' (சாப்பிடு), 'விவீர்' (வாழ்) என்பவை கொமீய, விவீய என்று 'ஈய' வரும். இந்தக் காலத்தில் மொழி முழுவதற்கும் ஒழுங்கு தவறும் வினைகள் மூன்றே மூன்று: ஸேர் (இரு), ஈர் (போ), வேர் (பார்). அவ்வளவு நல்ல காலம் இது.

மெக்சிகோவில் இருப்பதால் உனக்கு ஒரு சௌகரியமும் உண்டு. சாப்பிட்டாயா என்று கேட்டால் 'யா கொமீ' என்று சொன்னால் போதும். ஸ்பெயினில் பெரும்பாலும் 'யா ஏ கொமீதொ' என்று துணைவினை சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கூட்டுவினைகளை இப்போதைக்குக் கேட்டுப் புரிந்துகொண்டாலே நல்லது. 'அப்லாதொ' மாறவே மாறாது, முன்னால் வரும் 'அபேர்' மட்டும்தான் உருமாறும். அந்த ஒரு வினை கைக்கு வந்துவிட்டால் அத்தனை கூட்டுவினையும் வந்துவிடும்.

எதிர்காலம் எளிது, அதில் ஒரு அழகும் இருக்கிறது. 'அப்லரே' என்பது 'அப்லார்' என்ற முழு வினைப்பெயரோடு 'ஏ', அதாவது 'எனக்கு உண்டு' என்ற துணைவினை ஒட்டியது. லத்தீனின் பழைய எதிர்காலம் வழக்கொழிந்தபோது, மக்கள் பேச்சிலேயே இந்த ஒட்டு பிறந்தது. 1492-ல் தன் காஸ்தீய இலக்கணத்தை வெளியிட்ட அந்தோனியோ தெ நெப்ரிஹா இதைக் கண்டு எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பேச்சில் ஒட்டு இறுகவில்லை. நடுவே 'உனக்கு' என்ற சொல்லைக்கூட நுழைத்துப் பேசினார்கள். அதனால்தான் இங்கே பகுதியைத் தேய்க்காமல் முழுச் சொல்லோடு விகுதி சேர்க்கிறாய்: அப்லரே, அப்லராஸ், அப்லரா, அப்லரேமொஸ், அப்லரான். அன்றாடம் 'வொய் அ அப்லார்', பேசப்போகிறேன், என்றுதான் அதிகம் கேட்பாய். எதிர்கால வடிவத்துக்கு அங்கே இன்னொரு வேலை உண்டு, ஊகம். 'இந்நேரம் வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பாள்' என்று நாம் சொல்வதும் எதிர்கால வடிவம்தானே? அதே மனசுதான். இங்கே மட்டும் தமிழை நம்பி அப்படியே போகலாம்.

சரி, உன்னைப் பயமுறுத்தும் 'ஸுப்ஹுந்தீவொ'வுக்கு, அதாவது 'ஆப்லெ' (அவள் பேசட்டும்) வகைக்கு வருகிறேன். அதை அட்டவணையின் கடைசி மூலையில் போட்டுவைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் பெரிய வருத்தம். ஏனென்றால் காலையிலிருந்து இரவு வரை உன் காதில் விழுவதே அதுதான். கடையில் கூப்பிட்டால் 'மாந்தெ?' என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். கதவைத் திறந்து 'பாஸெ' என்கிறார்கள். வழி விடச்சொல்ல 'திஸ்கூல்பெ', காத்திருக்கச் சொல்ல 'எஸ்பேரெ'. இரவு விடைபெறும்போது 'கெ தெஸ்கான்ஸெஸ்'. மந்தார், பஸார், திஸ்குல்பார், எஸ்பெரார், தெஸ்கன்ஸார், எல்லாமே ஒழுங்கான 'ஆர்' வினைகள். எல்லாவற்றிலும் 'அ' போய் 'எ' வந்திருக்கிறது. 'ஏர்', 'ஈர்' வினைகளில் நேர்மாறாக 'அ' வரும்: கோம, வீவ. விதி இவ்வளவுதான். 'ஆப்லொ' என்பதில் கடைசி 'ஒ'வை எடு, உயிரை மாற்று.

எப்போது வரும் என்பதை இப்படிப் பார். 'அவள் பேசுகிறாள்' என்று நீ நடப்பதைச் சொன்னால் சாதாரண வடிவம். அவள் பேசட்டும், பேசவேண்டும், பேசுவாளா என்று சந்தேகம், பேசியபின் பார்க்கலாம் என்று இன்னும் நடக்காததைச் சொன்னால் இந்த வடிவம். 'கிரேயொ கெ ஆப்ல', பேசுகிறாள் என்று நினைக்கிறேன். 'நோ கிரேயொ கெ ஆப்லெ', பேசுகிறாள் என்று நான் நினைக்கவில்லை. 'குவாந்தொ தெர்மீனெ, தெ யாமொ', முடித்ததும் கூப்பிடுகிறேன். முடிப்பது இன்னும் வரவில்லை, அதனால் தெர்மீனெ. நம்மிடம் வியங்கோள் இருக்கிறது, பேசுக, வாழ்க என்று. செப்டம்பர் 15 இரவு அவர்கள் தலைவர் அரண்மனை மாடத்திலிருந்து முழங்கும் 'வீவ மேஹிகொ' அதே வகைதான். ஆனால் நம் வியங்கோள் ஆசையோடு நின்றுவிடும். அவர்களுடையது சந்தேகம், எதிர்பார்ப்பு வரை போகிறது. மகிழ்ச்சி, வருத்தம் சொல்லும்போதுகூட, நடந்தது உண்மை என்று தெரிந்தும், இந்த வடிவம்தான் வரும். அந்த ஒன்றுக்கு மட்டும் காரணம் தேடாதே, காது பழகட்டும்.

கடைசியாக, நடக்காத நிபந்தனை. 'நன்றாகப் பேசினால் தனியாகப் பயணம் போவேன்' என்று நாம் சொன்னால், பேசப்போகிறாயா, வெறும் ஏக்கமா என்று தெரியாது. அங்கே தெரியும். ஏக்கமென்றால் 'ஸி அப்லார மெஹோர், வியஹரீய சோல'. 'அப்லாரொன்', அவர்கள் பேசினார்கள், இதில் கடைசி 'ஒன்' போய் 'அ' வந்தால் 'அப்லார'. அழுத்தம் பத்திரம், 'அப்லரா' என்றால் அவள் பேசுவாள். நடக்கக்கூடியதென்றால் சாதாரண நிகழ்காலமே போதும்: 'ஸி ஆப்லொ கொன் ஏய ஓய், தெ அவீஸொ', இன்று அவளிடம் பேசினால் உனக்குச் சொல்கிறேன். 'ஸி'க்குப் பின்னால் 'ஆப்லெ' வரவே கூடாது.

நீ அந்த ஊரில் ஆபீசுக்கும் அறைக்கும் நடுவில் மட்டும் வாழ்வதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு உன்னிடம் சொல்ல எவ்வளவோ இருக்கும், உனக்கும் சொல்ல இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் எழுது: நம் வீட்டில் சின்ன வயசில் என்னவெல்லாம் வழக்கம், அதில் ஒரு நாள் மட்டும் என்ன நடந்தது என்று. முதல் பாதி முழுக்க 'அப்லாப' வகை, இரண்டாம் பாதி 'அப்லே' வகை. எழுதியதைப் போனில் வாசித்துக் குரலாக அனுப்பு, எனக்கு அழுத்தம் கேட்க வேண்டும். அதைத் திருத்தியதும் வீட்டுக்காரம்மாவுக்கு ஐந்து வேண்டுகோள், 'கியேரொ கெ' (எனக்கு வேண்டும்) என்று ஆரம்பிக்காமல் 'மெ குஸ்தரீய கெ' (செய்தால் நன்றாயிருக்கும்) என்று மரியாதையாக ஆரம்பித்து, அப்லார வகையில் எழுதிப் பார்ப்போம். குழாய் ஒழுகுவதாகச் சொன்னாயே, அதையே முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா