கொடி என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள்

பத்தாம் வகுப்புத் தமிழுக்கு வினாத்தாள் அமைக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் 23 ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். உங்கள் வேலையின் சிரமம் எனக்குத் தெரியும். நானும் சில முறை வினாத்தாள் எழுதியிருக்கிறேன். பாடத்துக்கு வெளியே போய்விடக் கூடாது, விடைக்குறிப்பில் தகராறு வரக் கூடாது, திருத்துகிறவர் குழம்பக் கூடாது என்று மூன்று பயங்களை மடியில் கட்டிக்கொண்டுதான் எழுத உட்காருகிறோம். அதனால் ‘இப்பாடலில் பயின்று வந்துள்ள அணி யாது?’ என்று கேட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். விடை ஒரே சொல், யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அந்த வினாவைப் பற்றித்தான் இந்த மடல்.

போன தை மாதம் தற்குறிப்பேற்ற அணி நடத்தினேன். பாடநூலில் உள்ள சிலப்பதிகார அடிகள் உங்களுக்கு மனப்பாடமாகவே இருக்கும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், மதில்மேல் கொடி அசைகிறது. ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார் இளங்கோவடிகள். வாரல் என்றால் வராதே. காற்றுக்குத் தானாக அசைந்த கொடியின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றினார், ஆகவே தற்குறிப்பேற்றம். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அப்புறம் கம்பராமாயணத்து மிதிலைக் காட்சிப் படலத்திலிருந்து ஒரு பாட்டைக் கரும்பலகையில் எழுதினேன். இராமன் மிதிலைக்கு வருகிறான், அங்கேயும் கொடி அசைகிறது. அந்த நகரம் ‘செழுமணிக் கொடிகள் என்னும் கைகளை நீட்டி’ அவனை ‘ஒல்லை வா’ (விரைந்து வா) என்று அழைப்பதுபோல இருந்ததாம்.

என்ன அணி என்று கேட்டேன். இரண்டுக்கும் ஒரே விடை, வகுப்பே சேர்ந்து சொன்னது. தேர்வில் இரண்டுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். ‘சரி, இந்தக் கொடி ரெண்டும் எப்படி ஆடியிருக்கும்? கையால காட்டுங்க’ என்றேன். கொஞ்ச நேரம் யாரும் எழவில்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, முதல் கொடிக்கு உள்ளங்கையை எங்கள் பக்கம் திருப்பி, வேண்டாம் வேண்டாம் என்பதுபோல மெல்ல ஆட்டினான். இரண்டாவது கொடிக்கு விரல்களை மடக்கி மடக்கி வேகமாகக் கூப்பிட்டான். பிறகு அவனாகவே சொன்னான்: ‘அம்மா, முதல் கொடிக்கு என்ன நடக்கப்போகுதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு.’

அரையாண்டுத் தேர்வில் தமிழில் 38 வாங்கிய பையன் அவன். கோவலன் அந்த ஊரில் கொலையுண்ணப் போகிறான் என்ற செய்தி அந்த அடிகளில் எங்கேயும் சொல்லப்படவில்லை. ஆனால் அதை அறிந்த ஒருவருடைய அச்சமும் இரக்கமும் ‘வாரல்’ என்ற ஒரு சொல்லில் வந்து நிற்கின்றன. ‘ஒல்லை வா’ என்பதில் இருப்பதோ காத்திருந்தவருடைய உவகை. ஒரே கொடி, ஒரே அணி, உணர்ச்சி மட்டும் நேர் எதிர். அந்தப் பையன் அதைக் கையாலேயே காட்டிவிட்டான். அவனுக்கு அதற்காக ஒரு மதிப்பெண் கொடுக்கும் வினாவை நான் பார்த்த தாள்களில் கண்டதில்லை. பாடலைக் கொடுத்தால் எதுகை எது, மோனை எது, எந்த நூல், இலக்கணக்குறிப்பு என்ன என்று கேட்கிறோம். பாடலுக்குள் பேசுகிறவர் எந்த மனநிலையில் பேசுகிறார் என்று கேட்பதில்லை.

தொனி என்பது பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டிய விஷயமே இல்லை. காலை எட்டு மணிக்கு எழுந்து வருகிற மகனைப் பார்த்து ‘வாங்க மகாராசா, அதுக்குள்ள எழுந்துட்டீங்களா’ என்று அம்மா சொன்னால், அது புகழ்ச்சி என்று எந்தப் பிள்ளையும் நினைத்ததில்லை. அதே பிள்ளை ‘தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்ற குறளுக்கு எதிரே ‘வஞ்சப்புகழ்ச்சி அணி’ (புகழ்வதுபோலப் பழிப்பது) என்று எழுதிவிட்டு, விளக்கத்தில் ‘கயவர்கள் தேவர்களைப் போன்று உயர்ந்தவர்கள்’ என்று எழுதுகிறது. இதை ஒரு தாளில் இல்லை, கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். அணியின் பெயர் சரி, பொருள் தலைகீழ். வீட்டில் கேட்கத் தெரிந்த காது வினாத்தாளுக்கு முன்னால் அடைத்துப்போகிறது. அடைத்தது நாம்தான் என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இது மேல்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து வந்த ஆசை என்று சிலர் சொல்லக்கூடும். இல்லவே இல்லை. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் மெய்ப்பாட்டியலை வைத்து, அதற்கு அடுத்தபடியாகத்தான் உவமவியலை வைத்திருக்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் நான்கு நான்காகச் சொல்கிறார். நகை பிறக்கும் நான்கில் முதலாவது எள்ளல். மேலே சொன்ன மகாராசா அதில் அடங்கிவிடுகிறார். உவமைக்கும் அப்படித்தான், வினை, பயன், மெய் (வடிவம்), உரு (நிறம்) என்று நான்கு அடிப்படை. புலி போலப் பாய்ந்தான் என்றால் வினை, மழை போலக் கொடுத்தான் என்றால் பயன். எது எதைப் போல என்பதோடு நிற்காமல், எந்த வகையில் போல என்று கேட்கிற மரபு நம்முடையது. தண்டியலங்காரம் சொல்லும் 35 பொருளணிகளின் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை விட்டுவிட்டோம்.

பெயரை மட்டும் தேடச் சொன்னால் பிள்ளைகள் உருபைத் தேடுகிறார்கள். ‘போல’ கண்ணில் பட்டால் உவமை என்று எழுதிவிட வேண்டியது. ‘மழை வரும் போல இருக்கிறது’ என்ற வரியை ஒரு பத்தியில் வைத்துப் பார்த்தேன், பாதி வகுப்பு அதை உவமை என்று எழுதியது.

உரைப்பத்தி வினாவிலும் இதே கதைதான். ஆண்டு என்ன, ஊர் எது, எத்தனை வகை என்று கேட்டால் பத்தியைப் படிக்காமலே கண்ணை ஓட்டி விடையைப் பொறுக்கிவிடலாம். நான் வகுப்பில் கொடுத்த ஒரு பத்தியைக் கீழே தருகிறேன்.

‘அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்து பதினொரு நாள் ஆகிவிட்டது. அப்பா தினமும் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். “அவனுக்கு எவ்வளவோ வேலை இருக்கும். நம்ம வீடு வேற ஊர்க்கோடியில இருக்கு” என்றார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி விரித்தபடியே இருந்தது.’

இரண்டே வினாக்கள். அப்பா எந்த மனநிலையில் பேசுகிறார்? அதை உனக்குக் காட்டிய சொல் அல்லது வரி எது? ஒரு பையன் கோபம் என்று எழுதினான். ‘பதினொரு நாள் என்று எண்ணி வைத்திருக்கிறார், கோபம் இல்லாதவர் எண்ண மாட்டார்’ என்பது அவன் காரணம். ஒரு பெண் ஏக்கம் என்று எழுதி, மகனுக்காக அப்பாவே சாக்குச் சொல்வதை எடுத்துக்காட்டினாள். இன்னொருத்தி இரண்டாவது நாற்காலியைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாள்: ‘அது அண்ணனுக்கு. மடக்கி வைக்க அவருக்கு மனசு வரவில்லை.’ இந்த மூன்று பேருக்கும் நான் இரண்டுக்கு இரண்டு போட்டேன். வெறுமனே ‘சோகம்’ என்று எழுதிக் காரணம் சொல்லாதவர்களுக்கு ஒன்று.

திருத்துவது எப்படி என்ற உங்கள் பயத்துக்கும் இதிலேயே வழி இருக்கிறது. உணர்ச்சிக்கு ஒரு மதிப்பெண், பத்தியிலிருந்து எடுத்துக்காட்டும் சான்றுக்கு ஒரு மதிப்பெண். விடைக்குறிப்பில் ‘கோபம் / ஏக்கம் / ஏமாற்றம், பொருந்தும் சான்று இருப்பின்’ என்று ஒரு வரி போதும். ‘பெருமை’ என்று எழுதினால் அதற்குப் பத்தியில் சான்று கிடைக்காது, அது தானாகவே விழுந்துவிடும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதை நான்கு விருப்பங்கள் கொடுத்துத் தேர்வு செய்யச் சொல்லும் வினாவாக ஆக்க வேண்டாம். வருத்தம், ஏமாற்றம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நியாயமான பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். அப்படி வரக் கூடாது என்று பொருந்தாத மூன்றை வைத்தால், பத்தியைப் படிக்க வேண்டிய தேவையே இருக்காது.

இதில் எனக்குக் கிடைத்த இன்னொரு லாபத்தையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் என் பிள்ளைகளிடம் மகிழ்ச்சி, சோகம், கோபம் என்று மூன்றே சொற்கள்தாம் இருந்தன. இரண்டு மாதத்தில் ஆதங்கம், அங்கலாய்ப்பு, இளக்காரம், கரிசனம், மலைப்பு எல்லாம் விடைத்தாளில் வர ஆரம்பித்தன. ஆதங்கத்துக்கும் கோபத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு பாடவேளை முழுக்க விவாதம் நடந்தது. ‘கோபம் யார்மேல வேணாலும் வரும். ஆதங்கம் நம்மாளுங்க மேலதான் வரும்’ என்று ஒரு பெண் சொன்னாள். அகராதியில் தேடினாலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.

அணியின் பெயரைக் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெயரும் தெரிய வேண்டும், அது நம் சொத்து. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இந்த ஒரு வினாவும் வரட்டும் என்றுதான் கேட்கிறேன். 100 மதிப்பெண் தாளில் இரண்டே மதிப்பெண், பாடநூலில் இல்லாத நான்கு வரிப் பத்தி ஒன்று. பொதுத் தேர்வில் உடனே வைக்கத் தயக்கம் இருந்தால் வரும் காலாண்டுத் தாளில் வைத்துப் பாருங்கள். நான் வகுப்பில் கொடுத்துப் பார்த்த 14 பத்திகள், பிள்ளைகள் எழுதிய விடைகளோடும் விடைக்குறிப்போடும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் மறுநாளே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியை