அதே குறை, வேறு தொனி

அன்புள்ள கமலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே நாகோயாவில் மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி காய்வதே பெரும்பாடு.

டிசம்பரில் நீ ஜப்பானிய மொழித் தேர்வின் உச்சநிலையான என்1 எழுதப்போவதில் எனக்கு அத்தனை சந்தோஷம். ‘கச்சி’, ‘ப்பொய்’, ‘கிராய் கா அரு’ மூன்றும் ஒன்றுபோல இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். மூன்றுமே பெரும்பாலும் வேண்டாத போக்கைச் சொல்பவைதான். யார், யாரைப் பற்றி, எந்தத் தொனியில் சொல்கிறார் என்பதைப் பார், குழப்பம் தீர்ந்துவிடும்.

வினையின் மரியாதை வடிவில் கடைசியில் வரும் ‘மசு’வை எடுத்துவிட்டு ‘கச்சி’யை ஒட்டு. ‘வசுரெகச்சி’ என்றால் அடிக்கடி மறந்துபோகிறது. தன்னைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம்: ‘அசகோஹான் ஒ நுகிகச்சி தெசு’, காலைச் சாப்பாட்டை அடிக்கடி விட்டுவிடுகிறேன். வானம் மூடிக்கொண்டே இருந்தால் ‘குமோரிகச்சி’. ‘ப்பொய்’ சுபாவத்தைத் தொடுகிறது, பேச்சு வழக்கு. வேலை நெருக்கடியில் கொஞ்ச நாளாக மறதி என்றால் ‘வசுரெகச்சி’. ஆளே மறதிக்காரர் என்றால் ‘வசுரெப்பொய்’. முன்கோபிக்கு ‘ஒகொரிப்பொய்’.

எனக்குப் பிடித்தது ‘கிராய் கா அரு’தான். வினை அகராதி வடிவிலேயே நிற்கும். பெயர்ச்சொல்லானால் நடுவில் ‘நொ’ என்ற இணைப்புச்சொல் வரும். ‘கரெ வா மொநொகொதொ ஒ வருய் ஹோ நி கங்கயெரு கிராய் கா அரு’: எதையும் கெட்டதாகவே எண்ணும் போக்கு அவரிடம் உண்டு. எழுத்து நடை, விமர்சனக் கட்டுரைகளில் பார்க்கலாம். எட்ட நின்று எடைபோடும் குரல் அது. அதனால் பொதுவாகத் தன்னைப் பற்றிச் சொல்வதில்லை, மழை வெயிலுக்கும் ஆகாது. ஆளைத் தூக்கியெறியாமல் குறையை மட்டும் நிதானமாகச் சுட்டுகிற இந்தப் பண்பு எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. வீட்டில் தம்பியைத் திட்ட இதை எடுத்தால் மட்டும் ஒட்டவே ஒட்டாது. அங்கே ‘கேமு பகாரி ஷிதெ இரு’, எப்போது பார்த்தாலும் விளையாட்டுதான்!

நகம் கடிப்பது மாதிரி உடம்போடு ஒட்டிய பழக்கத்துக்கு இவை எதுவும் வேண்டாம், பழக்கம் என்று பொருள்படும் ‘குசெ’ போதும்.

ஒவ்வொன்றுக்கும் உனக்குத் தெரிந்த மனிதர்களை வைத்தே வாக்கியம் எழுது. புத்தக உதாரணத்தை மனப்பாடம் செய்தால் பரீட்சை அறையில் கைகொடுக்காது. எழுதியதை அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன். அம்மாவை மாடி ஏற விடாதே.

அன்புடன்,
சுதா