அண்ணனுக்கு வைத்த ஸ்டென்ட்

அன்புள்ள மாப்ளே,

போனில் நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே அண்ணன் விழித்துக்கொண்டு படுத்திருந்தார். "கேன்சர் என்று தெரிந்த பிறகு ஆபரேஷனை எதற்கு இரண்டு வாரம் தள்ளுகிறார்கள்?" என்றாய். முதல் நாள் நானும் டாக்டரிடம் இதையே கேட்டுச் சண்டை பிடித்தேன்.

நான்கு நாளாக அவர் வெளிக்குப் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. வயிறு தவில் மாதிரி உப்பிவிட்டது. மனிதர் கேஸ் என்று நினைத்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுத்த பிறகுதான் எங்களுக்கே சொன்னார். சி.டி. ஸ்கேனில் பெருங்குடலின் இடதுபக்கம் கட்டி, வழி அடைத்தே விட்டது.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அடைப்புக்கு மேலே குடல் வீங்கி, சுவர் மெலிந்து, உள்ளே முழுக்க மலம். இப்போதே வெட்டினால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைக்க நம்பிக்கை வராது, தையல் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து. அதனால் பெரும்பாலும் மலம் வெளியேற வயிற்றில் பை மாட்டித்தான் அனுப்ப வேண்டியிருக்கும். வாந்தியில் உடம்பில் நீரும் உப்பும் வேறு வற்றிக் கிடந்தது. முதலில் வழியைத் திறப்போம், ஆள் தேறட்டும், அப்புறம் நிதானமாக வெட்டலாம் என்றார்.

ஸ்டென்ட் என்றதும் அண்ணன், "எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லையே" என்றார். இது குடலுக்கு. நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வலை. பேனா ரீஃபில் கனத்துக்குச் சுருட்டி, ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே விட்டதும் அது தானாக விரிய ஆரம்பிக்கிறது, முழுசாக விரிய ஓரிரு நாள் ஆகுமாம். மதியம் வைத்தார்கள். சாயங்காலம் காற்று பிரிந்தது. அந்தச் சத்தத்துக்கு அண்ணி கையெடுத்துக் கும்பிட்டதை நீ பார்த்திருக்க வேண்டும்!

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். குடல் ஓட்டையாகலாம், அப்படி ஆனால் புற்று அணுக்கள் வெளியே சிந்தவும் வாய்ப்புண்டு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இந்தப் பயத்தால்தான் 2014-இல் ஐரோப்பிய எண்டோஸ்கோபி மருத்துவர்கள் இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றார்களாம். 2020-இல், நோயாளியிடம் பேசி முடிவெடுக்கலாம், ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் போல இடைவெளி விடுங்கள் என்று மாற்றிக்கொண்டார்கள். நர்ஸாக இருக்கிற மருமகள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். பிரிட்டனில் 245 பேரை வைத்து நடந்த ஆய்வில், நேராக ஆபரேஷன் செய்தவர்களைவிட ஸ்டென்ட் வைத்தவர்களுக்குப் பை மாட்டுவது குறைந்ததாம். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால் உயிர் பிழைத்திருப்பதில் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

பக்கத்துக் கட்டில்காரருக்குக் கட்டி ஆசனவாய்க்கு வெகு அருகில். அங்கே ஸ்டென்ட் வைத்தால் வலி தாங்காது என்று முதலில் பைதான் வைத்தார்கள். அவர் அதை வேட்டிக்குள் செருகிக்கொண்டு தினமும் காலையில் வராந்தாவில் நடக்கிறார். பைக்கு நாங்கள் பயந்த பயம் கொஞ்சம் அதிகம்தான்.

வருகிற வியாழன் ஆபரேஷன். அதுவரை குழைந்த சாதம், மோர், இட்லி மட்டும். கீரை, நார், விதை எதுவும் கூடாது, வலையில் சிக்கிக்கொள்ளும். நீ வரும்போது வழக்கம்போல ஆயக்குடி கொய்யா வாங்கி வந்துவிடாதே, பார்த்தால் அவர் விடமாட்டார்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்