பிரையன் போருவின் வம்சாவளிப் படம்: சில திருத்தங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அயர்லாந்து மன்னர் பிரையன் போருவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஒருவரைப் பற்றி எழுத இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் கூடவே அச்சிட்டிருந்த வம்சாவளிப் படத்தை அப்படியே விட்டுவிட முடியாது. புராண கால அரசர் அலில் ஓலத்தில் தொடங்கி, தந்தைக்குப் பின் மூத்த மகன் என்று ஒரே கோடாக இழுத்திருக்கிறார்கள். அந்தக் கோடு மேலேயும் நிற்காது, கீழேயும் நிற்காது.

பிரையனின் தந்தை கென்னடி 951-இல் இறந்தார். அவருடைய தந்தை லோர்கான். இதற்கு மேலே போகும் பெயர்களை உறுதியானவையாகக் காட்டக் கூடாது. ஷானன் ஆற்றங்கரையில், கில்லலூ வட்டாரத்தில் இருந்த இவர்களின் குலம் தால் கஸ். ஆண்டுக் குறிப்பேடுகளில் அந்தப் பெயரே 934-இல்தான் முதன்முதலாக வருகிறது. அதற்கு முன் அவர்கள் டேஷி என்ற, பிறருக்குக் கப்பம் கட்டிய மக்களின் வடக்குக் கிளை. காஷெல் என்ற தலைநகரில் இருந்து அயர்லாந்தின் தென்பகுதியான மன்ஸ்டரை ஆளும் உரிமை பல நூற்றாண்டுகளாக ஓகனக்ட் குலங்களிடமே இருந்தது. 960-களில் பிரையனின் அண்ணன் மாஹன் அதைக் கைப்பற்றினார். கைப்பற்றியதற்கு ஒரு பூர்வீக உரிமை காட்ட வேண்டுமே! அலில் ஓலத்துக்கு ஓகன், கோர்மக் கஸ் என்று இரண்டு மகன்கள், இருவர் வழியினரும் மாறி மாறி ஆள வேண்டும் என்பது ஏற்பாடு என்று வம்சாவளி எழுதப்பட்டது இதற்காகத்தான். நம் மெய்க்கீர்த்திகளைப் படிக்கும் அதே எச்சரிக்கையோடு இதையும் படிக்க வேண்டும்.

வாரிசு முறையிலும் படம் தவறுகிறது. அங்கே மூத்த மகனுக்குத் தானாக முடி போகாது. ஒரே கொள்ளுத் தாத்தாவின் ஆண் வழியில் வந்த யாரும் உரிமை கோரலாம். ஆள்பலமும் ஆதரவும் உள்ளவர் வெல்வார். பிரையனே தம்பிதான். 976-இல் மாஹன் பிடிபட்டுக் கொல்லப்பட்ட பிறகு பொறுப்புக்கு வந்து, 978-இல் பெலாக் லெக்டா போரில் எதிரி மெயில்முவாவை ஒழித்த பின்னரே மன்ஸ்டர் அவர் கைக்கு முழுதாக வந்தது. 1002-இல் அயர்லாந்தின் உயர் அரசர் மால் செக்னலும் அவருக்குப் பணிந்தார். பிரையன் இறந்ததும் உயர் அரசர் பட்டம் அவர் மக்களுக்குப் போகவில்லை. 1022-இல் தாம் இறக்கும் வரை மால் செக்னலே மீண்டும் அதை வகித்தார்.

மூத்த மகன் மர்ரோவும் அவருடைய இளவயது மகன் டர்லோவும் பிரையன் இறந்த, டப்ளின் அருகே நடந்த கிளான்டார்ஃப் போரிலேயே மாண்டார்கள். படத்தில் வம்சம் இவர்கள் வழியாக இறங்குகிறது! உண்மையில் எஞ்சிய டைக், டன்னகா என்ற இரு மகன்களுக்குள்தான் போட்டி. 1023-இல் டன்னகாவின் தூண்டுதலால் டைக் கொல்லப்பட்டார். 1063-இல் டைக்கின் மகன், இன்னொரு டர்லோ, சித்தப்பாவைப் பதவியிலிருந்து இறக்கினார். டன்னகா ரோமுக்குப் போய் 1064-இல் அங்கேயே இறந்தார். ஓ'பிரையன் என்ற பெயரோடு தொடர்ந்த அரச மரபு இந்த டர்லோ வழியாக வருவது. அவர் மகன் மர்ட்டோ 1101-இல் காஷெலையே திருச்சபைக்குக் கொடுத்துவிட்டார். பழைய எதிரிகளான ஓகனக்டுகள் உரிமை கோரிய தலைநகரை இனி யாரும் கேட்க முடியாதபடி செய்ததை அரசியல் சாமர்த்தியம் என்றே நான் மதிப்பிடுகிறேன்.

பெண்களை விட்டதுதான் எனக்குப் பெரிய குறை. கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசர் மால் மோர்டாவின் சகோதரி கோர்ம்லா, டப்ளின் வைக்கிங் அரசர் ஓலாஃபை மணந்து சிட்ரிக்கைப் பெற்றார். பிறகு பிரையனை மணந்து டன்னகாவைப் பெற்றார். அந்தச் சிட்ரிக்குக்குப் பிரையன் தம் மகள் ஸ்லானியாவைக் கொடுத்தார். ஆக, கிளான்டார்ஃபில் பிரையனுக்கு எதிரே நின்ற அணியில் ஒருவர் மைத்துனர், இன்னொருவர் மருமகன். இதைப் படத்தில் போட்டிருந்தால், "அந்நிய வைக்கிங்குகளை விரட்டிய போர்" என்று கட்டுரையாளர் எழுதியிருக்க மாட்டார். சிட்ரிக் அதற்குப் பிறகும் 1036 வரை டப்ளினை ஆண்டார்.

கிளான்டார்ஃப் போர் நடந்த ஆண்டு 1014. கட்டுரையில் உள்ள 1013, பதினேழாம் நூற்றாண்டுத் தொகுப்பு ஒன்றின் பிழை. புனித வெள்ளியன்று போர் என்பது பழைய செய்தி. 1014-இல் அது ஏப்ரல் 23. ஈஸ்டர் 25-ஆம் தேதி, அதற்கு மேல் தள்ளிப்போக முடியாத கடைசி நாள். அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்பேடும் அவ்வாண்டு ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோடையில் விழுந்ததாகவும், அது முன்பு கேள்விப்படாதது என்றும் எழுதியிருக்கிறது. ஐரிஷ் கோடை மே 1-இல் தொடங்கும். அந்த ஞாயிறு மே 2. கணக்கு சரியாகப் பொருந்துகிறது.

பிரையனின் யாழ் என்று போட்டிருந்த டிரினிட்டி கல்லூரி யாழ் அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. அதே கல்லூரியில் உள்ள அர்மா ஏடு என்ற பழைய கையெழுத்துப் பிரதியின் பக்கத்தைப் போட்டிருக்கலாம். 1005-இல் அர்மா பலிபீடத்தில் 20 அவுன்ஸ் பொன் வைத்த பிரையனின் கண்ணெதிரே எழுதப்பட்ட லத்தீன் வரிகள் அதில் உள்ளன. அவரை ஐரிஷ் மக்களின் பேரரசர் என்று குறிக்கும் அந்த வரிகளில் மூதாதையர் ஒருவரின் பெயரும் கிடையாது.

படத்தைத் திருத்தி வெளியிடும்போது லோர்கானுக்கு மேல் புள்ளிக்கோடு போடுங்கள். கோர்ம்லாவையும் ஸ்லானியாவையும் சேருங்கள். டைக்கின் கிளையை மர்ட்டோ வரை நீட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்